ஆக்கியவனும் ஆள்பவனும்

ஒரு பொருளை ஆக்கியவனுக்கு அதை ஆளும் உரிமை எவ்வளவு காலம்வரை உண்டு? குயவன் பானையை விற்ற மறு நிமிஷமே அதன்மேல் அவனுக்குள்ள உரிமை தீர்ந்துவிடுகிறது. தகப்பனோ, மகன் தலை நரைத்த பிறகும் தன் சொல்தான் செல்லவேண்டும் என்று நினைக்கிறான். கோயிலுக்குக் கல் நாட்டியவரின் வம்சம் ஐந்தாறு தலைமுறை கழித்தும் முதல் மரியாதைக்கு வந்து நிற்கிறது. பானைக்கு ஒரு நீதி, பிள்ளைக்கு ஒரு நீதி, கோயிலுக்கு ஒரு நீதி என்று உலகம் தன் போக்கில் நடந்துகொண்டிருக்கிறது.

கதை எழுதுகிறவர்களுக்கு இந்த அதிகாரத்தின் ருசி நன்றாகத் தெரியும். தொடர்கதையின் இருபதாவது வாரத்தில் கதாநாயகி பிழைப்பாளா மாட்டாளா என்பதை நாங்கள் யாரையும் கேட்டு முடிவு செய்வதில்லை. வாசகர்கள் கோபித்துக் கடிதம் எழுதுவார்கள். சிலர் கெஞ்சவும் கெஞ்சுவார்கள். பேனா எங்கள் கையில்! ஆனால் வாசகரிடமும் ஓர் அதிகாரம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் பத்திரிகையை மூடி வைத்துவிடலாம். அந்த ஒரு சுதந்திரம் மட்டும் அவருக்கு இல்லாமலிருந்தால் எழுத்தாளர்கள் எவ்வளவு பெரிய கொடுங்கோலர்களாக ஆகியிருப்போம் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

இந்தக் கேள்வியைப் புதிதாக யோசிக்கச் செய்தது ஒரு பாஷையின் கதை. மனிதரோடு மனிதர் பேசும் பாஷை அல்ல. கம்ப்யூட்டருக்கு வேலை சொல்லும் பாஷை. அதன் பெயர் பைதான். பெயரைக் கேட்டு மலைப்பாம்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்தில் ஓடிய ஒரு ஹாஸ்யத் தொலைக்காட்சித் தொடரின் பெயரிலிருந்து எடுத்தது. நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது அந்நியமில்லை. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் 2019 முதல் அதுவே பாடம்.

இந்தப் பாஷைக்கு முதலாளி இல்லை. 2001-ல் ஏற்பட்ட ஓர் அறக்கட்டளை அதன் பெயரையும் பொதுப் பணத்தையும் காத்து வருகிறது. ஆனால் பாஷையின் இலக்கணம் எப்படி இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் வேலை அதனுடையதல்ல. பாஷையை நடத்தும் நிரல் முழுவதையும் எவரும் பார்க்கலாம், படிக்கலாம், திருத்தலாம், காலணா கொடுக்காமல் எடுத்துப் போகலாம். பாரதியின் பாடல்களின் உரிமை 1949-ல் அரசாங்கத்தின் கைக்கு வந்து, பிறகு நாட்டு மக்களின் பொதுச் சொத்தாயிற்று. அதற்குள் கவி மறைந்து முப்பது வருஷம் ஆகப் போயிருந்தது. இங்கே ஆக்கியவர்கள் உயிரோடிருக்கும்போதே, ஆக்கிக்கொண்டிருக்கும்போதே, பொதுவில் வைத்துவிடுகிறார்கள்.

அப்படியானால் அதில் ஒருவருக்கொருவர் கட்டுப்படுவது எதனால்? சம்பளத்துக்குப் பயந்து கட்டுப்படலாம். பாதிப் பேருக்கு அதற்காகச் சம்பளமே இல்லை. போலீஸுக்குப் பயந்து கட்டுப்படலாம். அங்கே போலீஸும் இல்லை.

நீலகிரியில் இருக்கிறவர்களுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். சிறு தேயிலை விவசாயிகளின் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இந்த மலையில் பதினாறு இருக்கின்றன. 1965-ல் அவற்றுக்கெல்லாம் பொதுவாக இண்ட்கோசர்வ் என்ற தலைமைச் சங்கம் ஏற்பட்டது. நிர்வாகம் மனத்துக்குப் பிடிக்கவில்லையென்றால் ஓர் உறுப்பினர் என்ன செய்யலாம்? கூட்டத்தில் எழுந்து பேசலாம். அதுவும் பயன்படாவிட்டால் தம் பசுந்தேயிலையைத் தனியார் தொழிற்சாலைக்குப் போட்டுவிடலாம். ஆனால் போகும்போது கூட்டுறவுத் தொழிற்சாலையைத் தோளில் தூக்கிக்கொண்டு போகமுடியாது. பைதானிலோ அது முடியும்! கோபித்துக்கொண்டு வெளியேறுகிறவன் தொழிற்சாலை முழுவதையும், கடைசி ஆணிவரை, நகல் எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போய்விடலாம். பழைய தொழிற்சாலையும் இருந்த இடத்திலேயே இருக்கும். வழக்கு இல்லை, பாகப்பிரிவினைப் பத்திரம் இல்லை.

இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தலைவராக இருக்கிறார் என்றால், அவர் சொல்லுக்கு மற்றவர்கள் ஒவ்வொரு நாளும் புதிதாகச் சம்மதிக்கிறார்கள் என்றுதான் பொருள். அந்தச் சம்மதத்தைத் தவிர அவருக்கு வேறு சிங்காதனம் கிடையாது.

அந்தத் தலைவரின் பெயர் கைடோ வான் ராசம். ஹாலந்துக்காரர். 1989-ம் வருஷக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை; 1991-ல் உலகத்துக்குக் கொடுத்தார். நாலு பேர் சேர்ந்தார்கள். நாற்பது பேர் ஆனார்கள். 1995-ல் நண்பர்கள் அவருக்குப் பாதி வேடிக்கையாக ஒரு பட்டம் சூட்டினார்கள்: ‘ஆயுள் காலத்துக்கும் அன்புள்ள சர்வாதிகாரி’. பட்டம் வேடிக்கை, அதிகாரம் நிஜம். பாஷையில் ஒரு மாற்றம் வேண்டுமென்றால் அதை எழுதி எல்லோர் முன்னும் வைக்கவேண்டும். அதற்கு ஓர் எண் உண்டு. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் வாதம் நடக்கும். கடைசியில் ‘ஆகட்டும்’ அல்லது ‘கூடாது’ என்று அவர் ஒருவர் சொல்வார். இருபது வருஷத்துக்கு மேல் இப்படித்தான் நடந்தது.

2018-ல் 572 என்ற எண்ணுள்ள யோசனை வந்தது. முக்காற்புள்ளியையும் சமக்குறியையும் அடுத்தடுத்து வைத்து ஒரு புதுக் குறி. பக்கவாட்டில் பார்த்தால் கடற்பசுவைப் போன்ற வால்ரஸின் கண்களும் தந்தங்களும் தெரிகின்றன என்று அதற்கு வால்ரஸ் என்றே செல்லப்பெயர். இரண்டு வரியில் எழுதுவதை ஒரே வரியில் எழுதலாம் என்பதுதான் அதனால் உண்டாகும் லாபம். வெளியே இருக்கிற நமக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே படாது. ஆனால் கல்யாண வீட்டில் சண்டை சம்பந்தியின் சொத்தைப் பற்றியா வருகிறது? பாயசத்தைப் பற்றித்தான் வருகிறது. சண்டை முற்றியது. கைடோ யோசனையை ஏற்றார். ஏற்ற சில நாட்களில், ஜூலை 12-ம் தேதி, தம் பதவியை விட்டு விலகுவதாக எழுதினார். ஒரு யோசனைக்காக இவ்வளவு போராடி, கடைசியில் இத்தனை பேர் தம் தீர்ப்பை வெறுக்கிறார்கள் என்று அறியும் நிலை இனி வேண்டாம் என்பது அவர் சொன்ன காரணத்தின் சாரம். அப்போது அவருக்கு வயது 62.

பதவி விலகல் உலகத்தில் அபூர்வமல்ல. அவர் அதோடு செய்த இன்னொரு காரியம்தான் அபூர்வம். தமக்குப் பின் யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லப்போவதில்லை என்பதையும் வெளிப்படையாகவே எழுதினார். குடியாட்சியா, சர்வாதிகாரமா, அராஜகமா, எது வேண்டுமோ அதை நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார்.

இது பொறுப்பற்ற செயல் என்று ஒருவர் சொல்லலாம். மாலுமி நடுக்கடலில் சுக்கானை விட்டுவிட்டு எழுந்தது போல என்று உவமையும் காட்டலாம். யோக்கியமான ஓர் ஆளைப் பார்த்துப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுப் போவதல்லவா பெரிய மனிதருக்கு அழகு?

நான் அறிந்த ஒரு சிற்றூரில் ஒரு வாசகசாலை இருந்தது. அதை ஏற்படுத்தியவர் உத்தமர். கைப்பணத்தைப் போட்டுப் புத்தகம் வாங்கியவர். முப்பது வருஷம் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அவர் ஊருக்குப் போனால் வாசகசாலைக்கும் விடுமுறை. கடைசிக் காலத்தில் சாவியை மருமகனிடம் கொடுத்தார். மருமகனும் கெட்டவரல்ல. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது வாசகசாலைக்கு வருகிறவர்கள் அல்லவே! ‘அவர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒதுங்கினார்கள். பெரியவருக்குக் கொடுத்த மரியாதையை மருமகனுக்குக் கொடுக்க மனம் வரவில்லை. அதைப் பிடுங்கிக்கொள்ளவும் துணிவு வரவில்லை. இரண்டே வருஷத்தில் கறையான் படித்து முடித்துவிட்டது.

ஆக்கியவனுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவது அவன் ஆக்கினான் என்ற நன்றியால். அந்த நன்றியை உயில் எழுதி இன்னொருவருக்கு மாற்ற முடியாது. வாரிசை நியமிக்கும்போது தன்னிடம் இல்லாத ஒன்றைத் தானம் செய்கிறான். கைடோ இதை உணர்ந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அவர் கொடுத்த கடைசிக் கட்டளை, கட்டளையே கொடுக்காமல் போனதுதான்.

பிறகு என்ன நடந்தது? கப்பல் கவிழவில்லை. மாதக்கணக்கில் தலைவர் இல்லாமலே தினசரி வேலைகள் நடந்தன. இதற்கிடையே ஆட்சிமுறை பற்றி ஏழு திட்டங்களை எழுதினார்கள். பழையபடி ஒரே தலைவர் என்றது ஒன்று. மூவர் என்றது இன்னொன்று. தலைவரே வேண்டாம், எல்லோரும் கூடிப் பேசி முடிப்போம் என்றது வேறொன்று. இதில் ஒரு வேடிக்கையான சிக்கல் உண்டு. எந்தத் திட்டம் என்று ஓட்டுப் போடவேண்டும். எப்படி ஓட்டுப் போடுவது என்பதற்கும் முதலில் ஓர் ஏற்பாடு வேண்டுமே! அதையும் பொறுமையாகப் பேசி எழுதிக்கொண்டார்கள். டிசம்பரில் வாக்கெடுப்பு நடந்தது. ஐந்து பேர் கொண்ட வழிநடத்தும் சபை என்ற திட்டம் வென்றது. 2019 பிப்ரவரியில் முதல் சபை அமைந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் கைடோவும் ஒருவர். இந்தத் தடவை ஐந்தில் ஒரு பங்கு அதிகாரத்தோடு. அடுத்த தேர்தலில் அவர் நிற்கவில்லை.

சபையின் விதிகளைப் படித்தபோது எனக்கு உத்தரமேரூர் ஞாபகம் வந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும், அவ்வூர்ச் சபையார் கல்லில் வெட்டிய விதிகளை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். முப்பது குடும்புகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இடுவது, ஒரு சிறுவன் கைவிட்டு எடுப்பது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவனுடைய உறவினர்களும் வரக்கூடாது. அதிகாரம் எங்கே கெட்டுப்போகும் என்று அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது: உறவில். பைதான் சபையிலும் இப்படி ஒரு விதி இருக்கிறது. ஒரே கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்கள் இரண்டு பேருக்கு மேல் ஐவரில் இருக்கக்கூடாது. அன்று ரத்த பந்தத்துக்குப் பயந்தார்கள். இன்று சம்பள பந்தத்துக்குப் பயப்படுகிறார்கள். பெரிய கம்பெனிகள் தங்கள் ஆட்களைக் கொண்டே சபையை நிரப்பிவிட்டால், பொதுச் சொத்து பெயரளவுக்குத்தான் பொதுவாக இருக்கும். இது போதாதென்று, ஓட்டுப் போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குபேர் சேர்ந்தால் சபையையே நீக்கிவிடலாம் என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் ஓர் உற்சாகத்தோடு என் அக்காள் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பெங்களூர்க் கம்பெனி ஒன்றில் வேலை. லவ்டேலில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு அங்கிருந்தே வேலை பார்க்கிறான். மழை பிடித்துக்கொண்டு மின்சாரம் போயிருந்தது. வேலை ஓடாததால்தான் என் பேச்சைக் கேட்க அவனுக்கு அவகாசம் கிடைத்தது.

“அதெல்லாம் சரி, மாமா. எனக்கு ஓட்டு உண்டா?” என்றான்.

“அதில் வேலை செய்கிறவர்களுக்குத்தானே ஓட்டு?”

“நானும் தினம் பத்து மணி நேரம் அதிலேதானே உழலுகிறேன்?”

“அதை உபயோகிக்கிறாய். அதற்கு ஏதாவது எழுதிக் கொடுத்திருக்கிறாயா?”

“எங்கே மாமா நேரம்? கம்பெனி வேலையை முடித்து நிமிரும்போது ராத்திரி பத்து. அதற்கு மேல் தர்மத்துக்கு எழுதிக் கொடுக்க உடம்பில் தெம்பு வேண்டாமா?”

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. உத்தரமேரூர்க் கல்வெட்டில் இன்னொரு விதியும் உண்டு. அதைப் பெருமையாக எடுத்துச் சொல்கிறவர்கள் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். குடத்தில் பெயர் இடவேண்டுமானால் வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது வேண்டும். வேதக் கல்வி மிகுந்தவருக்கு அதில் பாதி போதும். நிலமில்லாதவனுக்குக் குடத்தில் ஓலை இல்லை. பெண்ணுக்கும் இல்லை. ஏரி உடைந்தால் முதலில் மூழ்குவது யாருடைய குடிசையோ, அவனுக்கு ஏரி வாரியத்தில் இடமில்லை.

பைதானில் நிலம் கேட்பதில்லை, ஜாதி கேட்பதில்லை, முதல் சபையில் ஒரு பெண்ணும் இருந்தார். ஆனால் சொல்லாமலே ஒரு சொத்து கேட்கிறார்கள்: ஓய்வு. சம்பளமில்லாமல் வருஷக்கணக்கில் நல்ல வேலை செய்து, கூட இருப்பவர்களின் நம்பிக்கையைப் பெற்றால்தான் ஓட்டுரிமை. 2018-ல் அந்த உரிமை இருந்தவர்கள் நூறு பேருக்கும் குறைவு. உலகமெங்கும் அந்தப் பாஷையில் பிழைப்பவர்களோ லட்சக்கணக்கானவர்கள். சாயங்காலம் சாவகாசமாக உட்காரக் கிடைத்தவனும், இந்த வேலைக்கென்றே கம்பெனி சம்பளம் கொடுத்து அனுப்பியவனும்தான் உள்ளே போகமுடிகிறது. கால் வேலி நிலம் இன்று கால் வேலி ஓய்வாக மாறியிருக்கிறது. அது லவ்டேலில் இருக்கிற என் மருமகனிடம் இல்லை.

‘பிடிக்காவிட்டால் நகல் எடுத்துக்கொண்டு போகலாமே’ என்று அவனிடம் சொல்லிப் பார்க்கலாம். போகத்தான் போகலாம். போய் என்ன செய்வான்? அவ்வளவு பெரிய தொழிற்சாலையைத் தனியாக ஓட்டமுடியுமா? விலகிப் போகும் உரிமை எல்லோருக்கும் எழுத்தில் இருக்கிறது. பலசாலிகளுக்கு மட்டும் கையில் இருக்கிறது. பலசாலிகள் அதை உபயோகித்தால் பலனும் உண்டு. 2014 டிசம்பரில் நோட்ஜேஎஸ் என்ற மென்பொருளை எழுதியவர்களில் முக்கியமான சிலர், அதை வைத்திருந்த கம்பெனியின் போக்குப் பிடிக்காமல் நகலோடு பிரிந்து போனார்கள். மறு வருஷமே இரண்டு வீடும் ஒன்றாயிற்று; இம்முறை கம்பெனிக்குப் பதிலாகப் பொதுவான ஓர் அமைப்பின் கீழ். பிரியமுடியும் என்பதனாலேயே கூடினார்கள். ஆனால் பிரியும் பலமில்லாதவனுக்கு என்ன பாதுகாப்பு?

ஓட்டு இல்லாதவனுக்கு ஆளுகிறவன் கட்டாயம் செலுத்தவேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. அது காரணம் சொல்வது. பைதான்காரர்களிடம் எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் தேர்தல் அல்ல, இதுதான். ஏற்ற யோசனைகளைப் போலவே நிராகரித்த யோசனைகளையும் காரணத்தோடு பத்திரமாக வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மாறிகளின் பெயர்களை ஆங்கில எழுத்தில் மட்டுமின்றி மற்ற எழுத்துக்களிலும் வைக்கலாமா என்று ஒரு விவாதம் வந்தது. 2007-ல் ஏற்கப்பட்டு, 2008 டிசம்பரில் வந்த பதிப்பில் அமலாயிற்று. அதனால்தான் இன்று நம் பிள்ளை ‘வட்டி’ என்றும் ‘அசல்’ என்றும் தமிழிலேயே பெயர் வைத்துக் கணக்கு எழுதமுடிகிறது. அந்தத் தீர்மானத்தில் நம் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டு இல்லை. ஆனால் ஏன் ஏற்றார்கள், யார் என்ன ஆட்சேபம் சொன்னார்கள் என்பதை அவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கலாம்.

இந்தக் கடன் எப்போது கசக்கும் என்றால், ஆளைப் பற்றிய தீர்ப்பில்தான். 2024 ஆகஸ்டில் வழிநடத்தும் சபை மிக மூத்த பங்காளி ஒருவரை, பேச்சு முறை சரியில்லை என்று மூன்று மாதத்துக்குத் தள்ளிவைத்தது. காரணங்களைப் பட்டியலாக வெளியிட்டது. பட்டியலில் இருப்பவை குற்றமா, தண்டனைக்குப் போதுமா என்று பலர் பகிரங்கமாகவே கேட்டார்கள். சபை கடமையைச் செய்தது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஊர்விலக்கு என்றால் என்ன என்று நம் கிராமங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொது அமைதிக்காக என்று தொடங்குவதும் உண்டு; பஞ்சாயத்தாரின் ரோஷத்துக்காக என்று முடிவதும் உண்டு. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பட்டியல் வெளியே வந்ததனால்தான் அதைக் குறை சொல்லவாவது முடிந்தது என்பதை மட்டும் கவனிக்கச் சொல்கிறேன்.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. ரஸ்ட் என்ற இன்னொரு பாஷையின் கூட்டத்தில், ஒழுங்கைக் கவனிக்கும் குழுவினர் 2021 நவம்பரில் ஒட்டுமொத்தமாக ராஜிநாமா செய்தார்கள். மையக் குழு தனக்குத் தானே தவிர வேறு ஒருவருக்கும் பதில் சொல்லக் கட்டுப்படவில்லை என்பது அவர்கள் புகார். அந்தக் கூட்டம் தன் ஆட்சிமுறையைத் திருத்தி எழுத 2023 வரை ஆயிற்று. கேட்க ஆளில்லாத அதிகாரம் நல்லவர்களிடம் இருந்தாலும் நாறத்தான் செய்யும்.

ஆக்கியவனுக்கு ஆளும் உரிமை எதுவரை? மற்றவர்கள் ஆளக் கற்றுக்கொள்ளும்வரை. அதற்கு மேல் ஒரு நாள் அவன் பிடித்து வைத்திருந்தாலும் அது ஆக்கியதன் கூலி ஆகாது, பழக்கத்தின் கூலிதான். கைடோ அந்த எல்லையைத் தாமே கண்டுகொண்டார். ஆனால் அவர் இறங்கியதோடு கதை முடியவில்லை. ஒருவரிடமிருந்து ஐவரிடம் வந்த அதிகாரம், ஓட்டுள்ள நூறு பேருக்கு மட்டும் பதில் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா, ஓட்டில்லாத லட்சம் பேருக்கும் பதில் சொல்லவேண்டுமா என்பது இனி வருகிறவர்கள் ஒவ்வொரு நாளும் தீர்க்கவேண்டிய கணக்கு.

நம் வாசகசாலைகளுக்கும் சங்கங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் தேர்தல் விதிகள் இல்லாமல் இல்லை. எந்தத் தீர்மானத்தை ஏன் செய்தோம், எதை ஏன் தள்ளினோம் என்று நாலு வரி எழுதி, உறுப்பினரல்லாதவனும் படிக்கும்படி வாசல் சுவரில் ஒட்டும் வழக்கம்தான் இல்லை. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன் கல்லில் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு காகிதம் ஒட்டுவதா கஷ்டம்?